எட்டாம் மாடி நீரழுத்த விசாரணைக் குழு

எங்கள் வீட்டு ஷவரில் தண்ணீர் வரும். வராது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பிற்பாடு என்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் அதுவும் ஒன்று என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும். நடுவிலிருக்கும் நாலைந்து ஓட்டை வழியாக, வேண்டாவெறுப்பாக வரும். தலையில் விழுகிற தண்ணீர் தோளுக்கு வந்து சேர்வதற்குள் மனம் மாறி நின்றுவிடும். முதுகை நனைக்க வேண்டுமென்றால் சுவரில் வழிவதை வீணாக்காமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்ற வேண்டும்.

வேறு வேலையில் இருப்பவன் இதைச் சமாளித்துவிடலாம். நான் நிஷ் நகரத்துக்கு வெளியே, பன்றிக்கொழுப்பு வறுக்கும் ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். கொப்பரையில் கொழுப்பு உருகி வடிந்த பிறகு மிஞ்சும் மொறுமொறுப்பை நாடே ரொட்டியோடு தின்கிறது. ஆனால் அதை வறுத்தவன் பக்கத்தில் பஸ்ஸில் யாரும் உட்காருவதில்லை. காலையில் நான் இறங்கி நடந்தால் இரண்டு தெருநாய்கள் மரியாதையான இடைவெளி விட்டுப் பின்னால் வரும். அந்தப் பிசுக்கு நாலு ஓட்டைத் தண்ணீருக்கு அசைந்து கொடுக்காது.

நாய்களுக்குப் பிடித்திருந்தது. நெவென்காவுக்குப் பிடிக்கவில்லை. அவள் எட்டு வருஷம் இத்தாலியில், திரியெஸ்தே நகரத்தில், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துவிட்டுத் திரும்பி, இங்கே படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்திருந்தாள். இடுப்பு வரை தலைமுடி. ஜூன் மாதத்தில் கல்யாணப் பேச்சை எடுத்தேன்.

"பண்ணிக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "ஆனா முதல்ல உன் வீட்டு பாத்ரூம்ல நான் தலைக்குக் குளிக்கணும். ஷாம்பு போட்டு, முழுசா அலசி, மனுஷியா வெளிய வரணும். அது நடக்கற அன்னைக்குப் பெட்டியோட வர்றேன்."

"நடக்கலன்னா?"

"திரியெஸ்தேல என் தங்கச்சி வீட்டு மாடி செப்டம்பர்ல காலியாகுது. அங்க ஷவர்ல தண்ணி அடிச்சா காது வலிக்கும்."

எங்களுடையது எட்டு மாடிக் கட்டிடம். கீழ் நாலு மாடிக்கு நகரத் தண்ணீர் தன் பலத்திலேயே ஏறிவிடும். அதற்கு மேலே போக, அடித்தளத்தில் இருக்கும் மோட்டார் தள்ளிவிட வேண்டும். ஐந்திலும் ஆறிலும் இருப்பவர்கள் வாளி வைத்துப் பழகிவிட்டார்கள். ஏழாம் மாடி வீடுகள் பூட்டியிருக்கின்றன, சொந்தக்காரர்கள் வியன்னாவில். எட்டில் நான். குடியிருப்போர் மன்றத்தின் நிர்வாகிகள் எல்லோரும் மூன்றாம் மாடிக்குக் கீழே இருந்தார்கள். இதில் சதி ஒன்றும் கிடையாது. மேலே இருப்பவர்களால் கூட்டத்துக்கு வரும் நிலையில் குளித்துவிட்டு வர முடியவில்லை, அவ்வளவுதான்.

மன்றத் தலைவர் புதிமிர், ரயில்வேயில் தாமதங்களை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். என் புகாரைக் கேட்டதும் தோளைத் தட்டினார்.

"தம்பி, சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கே. முப்பது வருஷம் தாமதத்தை அறிவிச்சவன் நான். ஒரு ரயிலையும் நேரத்துக்குக் கொண்டு வந்ததில்ல. ஆனா ஒரு தாமதத்தையும் அறிவிக்காம விட்டதில்ல. வெள்ளிக்கிழமை கூட்டத்துல வெச்சிருவோம்."

கூட்டம் மோட்டார் ரூமில்தான் நடக்கும். முன்பு மன்றத்துக்கென்று தரைத்தளத்தில் நல்ல அறை இருந்தது. அதை நகத்துக்குச் சாயம் பூசும் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். பொது இடத்தில்தான் கூட வேண்டும் என்பது விதி. பாக்கியிருந்த பொது இடம் மோட்டார் ரூம். பூமிக்கடியில் இருப்பதால் கோடையில் குளுகுளுவென்றிருக்கும். கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல், வெளியே நடைபாதை மட்டத்தில். நடப்பவர்களின் கணுக்கால்கள் தெரியும்.

கூட்டத்துக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் மறைந்த குடியிருப்பாளர்களுக்காக எழுந்து நின்று மௌனம். பிறகு சென்ற கூட்டத்தின் குறிப்பை ராதோய்கா டீச்சர் வாசிப்பார். புவியியல் டீச்சராக இருந்தவர், மன்றத்தின் செயலாளர். அதற்குப் பிறகு தலைவர் பிடரியைத் தடவிக்கொண்டு கேட்பார்:

"எங்கயோ இழுக்குதே. கதவும் திறந்திருக்கு, ஜன்னலும் திறந்திருக்கா? கொல்லப் பார்க்கறீங்களா? சாத்துங்கப்பா!"

நாலு பேர் பாய்ந்து ஜன்னலைச் சாத்துவார்கள். நானும் பாய்ந்திருக்கிறேன். எங்கள் ஊரில் பிறந்த எல்லோரையும் போல, குறுக்குக்காற்றை லேசாக எடுத்துக்கொள்ளும் ஆள் இல்லை நான். எதிரெதிரே இரண்டு திறப்பு, நடுவில் மனிதன் என்றால் முடிந்தது கதை. என் பெரியப்பாவுக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது, இரண்டு பக்க ஜன்னலும் திறந்திருந்த ஒரு பஸ்ஸில் அடித்த குறுக்குக்காற்றால்தான். மருத்துவமனையில் பக்கவாதம் என்றார்கள். அவர்கள் அந்த பஸ்ஸில் இருந்தார்களா?

ஜன்னல் சாத்தியதும் அறை மெல்லச் சூடாகும். எல்லோருக்கும் வேர்க்கும். வேர்த்தால் பரவாயில்லை, வேர்த்து யாரும் செத்ததில்லை. மூன்றாவது பொருளுக்கு வரும்போது மோட்டார் தானாக நின்றுவிடும். சத்தம் அடங்கியதும் தலைவர் முகம் மலரும்.

"ஆங், இப்பதான் பேசறது காதுல விழுது."

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. நான் எழுந்து நின்று என் ஷவரைப் பற்றிச் சொன்னேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அழுத்தம்ங்கறது என்ன?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார். "அது ஒரு உணர்வு. ஒருத்தருக்குக் குறைவு, இன்னொருத்தருக்கு நிறைவு. எட்டாவது மாடியில இருந்து இந்தத் தம்பிக்கு மலை தெரியுது. எனக்குத் தெரியுதா? நான் என்னைக்காவது மலை வரலைன்னு புகார் கொடுத்திருக்கேனா?"

கை தட்டினார்கள்.

"படிக்கற காலத்துல இவன் இந்த நீரோட்டம், அழுத்தம் இதெல்லாம்தான் படிச்சான்," என்றார் ராதோய்கா டீச்சர், குறிப்பிலிருந்து தலை நிமிராமல். "ரெண்டாம் வருஷத்தோட விட்டுட்டான்."

"அப்ப பாதி அழுத்தம்தான் அவனுக்குத் தெரியும்," என்றார் திகோமிர் டாக்டர். மாட்டு டாக்டர். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். விட்டது உண்மைதானே.

இருந்தாலும் மன்றம் கடமையிலிருந்து தவறவில்லை. எட்டாம் மாடி நீரழுத்தக் குறைபாடு குறித்த விசாரணைக் குழு அங்கேயே அமைக்கப்பட்டது. தலைவர், டீச்சர், டாக்டர். மூன்று பேரும் இல்லாமல் எந்த ஆய்வும் செல்லாது என்று விதி எழுதிக்கொண்டார்கள். குழு வாரம் மூன்று முறை மோட்டார் ரூமில் கூடுவதென்று முடிவாயிற்று. பிரச்சினையின் அவசரத்தைக் கருதி.

குழு கூட ஆரம்பித்த பிறகு என் ஷவரில் நாலு ஓட்டை இரண்டாயிற்று. சில நாள் அதுவும் இல்லை. போய்ச் சொன்னேன். தலைவருக்கு உண்மையாகவே வருத்தம்.

"இவ்வளவு மோசமாயிடுச்சா? அப்ப இனிமே தினமும் கூடுவோம்."

குழு முதலில் ஷிவ்கோ என்ற பிளம்பரை வரவழைத்தது. அவர் வாயில் சிகரெட்டோடு வந்தார். மூடிய அறையில் புகைக்கக் கூடாது என்று டீச்சர் சொல்ல, ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி இரண்டு சிகரெட்டை நிதானமாக முடித்தார். குழுவினர் மூவரும் பாதுகாப்பாக மாடிப்படியில் போய் நின்றுகொண்டார்கள். பிறகு ஷிவ்கோ மோட்டாரைப் போட்டார். அது உறுமிக்கொண்டு ஓடியது. காதை வைத்துக் கேட்டார்.

"கன்னுக்குட்டி நெஞ்சு மாதிரி அடிக்குது. இதுக்கு ஒரு நோயும் இல்ல."

"எந்த வயசுக் கன்னுக்குட்டி?" என்றார் டாக்டர் படியிலிருந்து.

"இதென்ன கேள்வி டாக்டர்?"

"ஒரு மாசக் கன்னு வேற, ஆறு மாசக் கன்னு வேற. அறிக்கையில போறதுன்னா சரியா சொல்லணும்."

அந்த விவாதம் பிளம் சாராயத்தின் துணையோடு மதியம் வரை போயிற்று. குழுவின் முதல் அறிக்கை நோட்டீஸ் பலகையில் ஒட்டப்பட்டது. மோட்டார் நலமாக இருக்கிறது. ஆகவே கோளாறு மோட்டாரிலிருந்து மிக விலகி இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அதாவது குடியிருப்பாளரிடம்.

ஜூலை மாதம் இப்படிப் போயிற்று. நெவென்கா ஞாயிற்றுக்கிழமைகளில் காபிக்கு வருவாள். என்னைவிட்டு மூன்று அடி தள்ளி, பால்கனியில் உட்காருவாள்.

"தங்கச்சி போன் பண்ணினா," என்பாள்.

"குழு மும்முரமா வேலை செய்யுது," என்பேன்.

ஆகஸ்டில் டீச்சர் ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போனார். மூன்று பேர் இல்லாததால் குழு கூடவில்லை. அவர் திரும்பிய சனிக்கிழமை காலையில், போகும் முன்பே கொடுத்திருந்த அறிவிப்பின்படி, குழு என் வீட்டுக்கு நேரடி ஆய்வுக்கு வந்தது. நான் அந்த வாரம் முழுவதும் ஷவரைத் திறக்காமல், அன்றும் ஷிப்ட் முடிந்து வந்து குளிக்காமல் காத்திருந்தேன், சாட்சியத்தைக் கலைத்துவிடக் கூடாதென்று.

வாசலில் முதல் சிக்கல். காலணியோடு வீட்டுக்குள் வர முடியாது. வெறுங்காலோடு தரையில் நடக்கவும் முடியாது. குளிர்ச்சி நேராகச் சிறுநீரகத்துக்கு ஏறும். விருந்தாளிகளுக்கென்று என்னிடம் இருந்தது இரண்டு ஜோடிச் செருப்பு. ஒன்று என் பழைய குளிர்காலச் செருப்பு. இன்னொன்று நெவென்காவின் ரோஸ் நிறச் செருப்பு, முன்னால் முயல் காது வைத்தது.

"உன் காலுல இருக்கறதைக் கழட்டிக் குடேன்," என்றார் தலைவர்.

"நான் எப்படி நடக்கறது?"

"அதுவும் சரிதான். வீட்டுக்காரனை நோயாளி ஆக்கின பழி நமக்கு எதுக்கு."

இரண்டு பேர் உள்ளே, ஒருவர் வெளியே என்றால் ஆய்வு செல்லாது. விதியை எழுதியவர்களே அதை நினைத்துப் பெருமையோடு கவலைப்பட்டார்கள். கடைசியில் டாக்டர் வாசல் மிதியடியின் மேல் ஏறி நின்றுகொண்டார். நான் அதை மெல்ல இழுத்தேன். அவர் என் தோளைப் பிடித்தபடி, அதிகாரபூர்வமாக, வழுக்கிக்கொண்டே கூடத்தைக் கடந்து பாத்ரூம் வரை வந்தார்.

தலைவர் முயல் செருப்பில் ஷவருக்கு நேர்கீழே போய் நின்று, கோட்டும் டையுமாக, மேலே அண்ணாந்து பார்த்தார்.

"திற. நான் கண்ணால பார்க்கணும்."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தலைவரே."

"எதுக்கு? வராதுன்னு நீதானே சொன்னே."

திறந்தேன். எல்லா ஓட்டைகளிலும் சீறிக்கொண்டு, வெள்ளையாக, முழுசாக அடித்தது. ஏழு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அப்படியொரு சத்தத்தை அந்த பாத்ரூமில் கேட்டதில்லை. தலைவரின் தலைமுடி முழுவதும் ஒரு பக்கமாக இறங்கிக் காதில் தொங்கியது.

"பால்கனிக் கதவு!" என்று அலறினார் டாக்டர். "ஈரத் தலை! பால்கனிக் கதவைச் சாத்துங்க!"

டீச்சர் ஓடிப்போய்ச் சாத்தினார். தலைவரை என் துண்டில் சுற்றிக் கட்டிலில் உட்கார வைத்தோம். துண்டை மோந்து பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் இன்றும் அவருடைய பெருந்தன்மையாகவே நினைக்கிறேன்.

இரண்டாவது அறிக்கை மதியமே பலகைக்கு வந்துவிட்டது. எட்டாம் மாடியில் அழுத்தக் குறைபாடு இல்லை. மாறாக அளவுக்கு மீறிய அழுத்தம் இருக்கிறது. மற்ற மாடிகளுக்குச் சேர வேண்டியது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று விசாரிக்க அன்று மாலை அவசரக் கூட்டம்.

நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தண்ணீர் வந்துவிட்டது. நெவென்காவுக்குப் போன் செய்தேன்.

"அடிக்குது. சத்தம் போட்டு அடிக்குது. இன்னைக்கே வா."

"குடிச்சிருக்கியா?"

"கேளு." போனை ஷவரிடம் நீட்டினேன்.

"ஆறு மணிக்கு வர்றேன்," என்றாள்.

ஆறு மணிக்கு ஷாம்பு புட்டிகளும் துண்டுமாக வந்து பாத்ரூமுக்குள் போனாள். நான் கூட்டத்துக்கு இறங்கினேன். மௌனம் முடிந்தது, குறிப்பு முடிந்தது, ஜன்னல் சாத்தப்பட்டது. தலைவர் கழுத்தில் கம்பளி மப்ளர்.

"இப்ப பேசப்போறது தம்பியைப் பத்தினது," என்றார். "சம்பந்தப்பட்டவன் இருக்கும்போது நாங்க மனசு விட்டுப் பேச முடியாது. நீ வெளிய நில்லு."

நடைபாதையில் போய் நின்றேன். மோட்டார் ரூம் ஜன்னலுக்கு முன்னால் தெசாங்கா அம்மா முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். தரைத்தளத்து வீடு. பக்கத்தில் அவருடைய வரிப் பூனை, மூடிய கண்ணாடியை முறைத்துக்கொண்டு.

"ஏம்மா இங்க உக்காந்திருக்கீங்க?"

"இவ குட்டி போட்டிருக்கா. மோட்டாருக்குப் பின்னாடி. இவனுங்க கூடினா ஜன்னலைச் சாத்திடறானுங்க. சாத்தினதைத் திறக்கற பழக்கம் ஒருத்தனுக்கும் கிடையாது. தினமும் காலைல நான் வந்து பின்னல் ஊசியை விட்டு நெம்பித் திறக்கறேன். போன வாரம்தான் நிம்மதி. கூட்டமே இல்ல."

அப்போது ஜன்னலுக்குப் பின்னால் மோட்டார் நின்றது. உள்ளே தலைவரின் குரல் கேட்டது: "ஆங், இப்பதான் பேசறது காதுல விழுது."

என் போன் அடித்தது.

"மிலுதின்." நெவென்காவின் குரல் மிக அமைதியாக இருந்தது. "தலை முழுக்க ஷாம்பு. தண்ணி நின்னுபோச்சு. கண்ணைத் திறக்க முடியல. நான் திரியெஸ்தேல இருந்தப்போ வயசானவங்களை அலசாம ஒருநாளும் விட்டதில்ல."

நான் ஜன்னலைப் பார்த்தேன். பூனையைப் பார்த்தேன். புரிந்துகொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஆலையிலும் மோட்டார் சூடேறினால் தானாக நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஜன்னல் சாத்தப்பட்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்திருந்தது. நிம்மதி தந்ததை யார் சந்தேகப்படுவார்கள்?

திறந்திருந்த கதவு வழியாக உள்ளே ஓடினேன்.

"தலைவரே, ஜன்னல்! நீங்க ஜன்னலைச் சாத்தினா மோட்டார் சூடாகி நின்னுடுது. நின்னா மேல தண்ணி ஏறாது. நீங்க இங்க கூடறதாலதான் தண்ணி வரல. கூடாத வாரம் வந்துச்சில்ல?"

எல்லோர் முகத்திலும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. டீச்சர் பேனாவை மூடினார்.

"அதாவது," என்றார் தலைவர் மெதுவாக, "இந்தப் பிரச்சினையை விசாரிக்கற குழுதான் இந்தப் பிரச்சினைன்னு சொல்ற."

"குழு இல்ல தலைவரே, ஜன்னல்."

"ஜன்னலைத் திறந்து வெச்சிட்டு நாங்க இங்க உக்காரணும். கதவு அந்தப் பக்கம், ஜன்னல் இந்தப் பக்கம். நடுவுல நாங்க."

"கதவைச் சாத்திக்கலாமே."

"கதவைச் சாத்தினா ரகசியக் கூட்டம் ஆயிடும். விதி இருக்கு," என்றார் டீச்சர்.

டாக்டர் எழுந்தார். "என் அனுபவத்துல சொல்றேன். ஒரு தொழுவத்துல ரெண்டு பக்கமும் கதவை வெச்சிருந்தான் ஒருத்தன். பன்னெண்டு மாடு. அத்தனையும் பால் வத்திப்போச்சு."

"நம்ம யாரும் பால் குடுக்கறதில்லையே டாக்டர்!" என்றேன்.

"இன்னும் ஜன்னலைத் திறக்கலையே, அதுக்குள்ள எப்படிச் சொல்ற?"

மேலே ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்; இங்கே மாடுகளைப் பற்றி இரண்டு கேள்வி, ஒரு விளக்கம், டீச்சரின் திருத்தம் ஒன்று. அப்போது கதவில் நெவென்கா வந்து நின்றாள். உடம்பில் என் கோட்டு, காலில் முயல் செருப்பு, தலையில் கோபுரமாக வெள்ளை நுரை. லிப்டில் இறங்கி வந்திருக்கிறாள். ஈரத் தலையோடு. சபை மொத்தமும் ஒரு அடி பின்னால் நகர்ந்தது.

"இங்க தலைவர் யாரு?"

எல்லோரும் தலைவரைக் காட்டினார்கள். தலைவர் டாக்டரைப் பார்த்தார்.

"அம்மா, முதல்ல தலையை மூடு," என்றார் டாக்டர். "இது உயிர் விஷயம்."

"அந்த ஜன்னலைத் திறங்க. இல்லன்னா நான் இப்படியே இங்க உக்காருவேன். என் தலை காயற வரைக்கும் நீங்களும் பார்த்துக்கிட்டே உக்காருங்க."

பத்து நிமிஷத்தில் முடிவெடுத்தார்கள். மன்ற வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகம் கிடையாது. தலைவர் எழுந்து நின்று வாசித்தார். மோட்டாரின் நலன் கருதி ஜன்னல் இனி நிரந்தரமாகத் திறந்திருக்கும். ஆகவே இந்த அறை மனிதர்கள் கூடத் தகுதியற்றது என்று அறிவிக்கப்படுகிறது. இனிமேல் குழு வேறு இடத்தில் கூடும். தெசாங்கா அம்மா ஜன்னலை நெம்பும் சத்தம் கேட்டது. வரிப் பூனை எங்கள் தலைக்கு மேலே குதித்து உள்ளே இறங்கி, யாரையும் பார்க்காமல் மோட்டாருக்குப் பின்னால் போயிற்று.

நெவென்கா அன்று தெசாங்கா அம்மா வீட்டில் தலையை அலசினாள். "பெட்டியைக் கட்டறேன்," என்றாள். எந்த ஊருக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தண்ணீர் அடித்தது. ஞாயிறு அடித்தது, திங்கள் அடித்தது. செவ்வாய்க்கிழமை என் பின்னால் ஒரு நாய்தான் வந்தது.

அன்று மாலை கதவு மணி அடித்தது. குழு வந்திருந்தது. இம்முறை அவரவர் செருப்பை அவரவர் கொண்டு வந்திருந்தார்கள்.

"பொது இடம் கிடைக்கலன்னா பிரச்சினை நடந்த இடத்துல கூடலாம்னு விதி சொல்லுது," என்றார் டீச்சர்.

"பிரச்சினை தீர்ந்துபோச்சே டீச்சர்."

"தீர்ந்துச்சான்னு குழுதானே சொல்லணும்?"

தலைவர் நேராக பாத்ரூமுக்குள் போய், நாலு சுவரையும் கூரையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கண்ணில் ஈரம் நின்றது.

"ஜன்னலே இல்ல," என்றார். "டாக்டர், பாருங்க. ஒரு ஜன்னல்கூட இல்ல. இந்தக் கட்டிடத்துல இப்படியொரு அறை இருக்குன்னு இத்தனை வருஷம் நமக்குத் தெரியாமப் போச்சே."

எங்கள் ஊர் அடுக்குமாடிகளில் எல்லா பாத்ரூமும் அப்படித்தான். அவருடையதும். ஆனால் தன் பாத்ரூமில் கூட்டம் நடத்தலாம் என்று யாருக்குத் தோன்றும்?

அதன் பிறகு தினமும் மாலையில், நான் தூங்கி எழுந்து ஷிப்டுக்கு முன்னால் குளிக்கும் நேரத்தில், என் பாத்ரூமில் குழு கூடியது. தலைவர் வாஷிங் மெஷின்மேல். டீச்சர் கழிப்பறை மூடியின்மேல், மடியில் குறிப்பு. டாக்டர் தொட்டியின் விளிம்பில். காலையிலும் சரி, மாலையிலும் சரி, ஷவரைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை. அது விசாரணையில் இருக்கும் பொருள். காபி போட்டுக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. சம்பந்தப்பட்டவன் என்பதால் கொடுத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். என் பாத்ரூமுக்கு வெளியே, சோப்புப் பெட்டியோடு நின்று, குழு தன்னைத்தானே பாராட்டி நிறைவேற்றும் தீர்மானங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை என் பின்னால் மறுபடியும் இரண்டு நாய்.

சனிக்கிழமை மாலை நெவென்கா வந்தாள். பெட்டியோடு. லிப்ட் கதவு திறந்ததும் முதலில் பெட்டிதான் தெரிந்தது. இங்கே வரும் பெட்டியா, திரியெஸ்தே போகும் பெட்டியா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பெரிய பெட்டி.

"பஸ் பத்து மணிக்கு," என்றாள். "திரியெஸ்தேவுக்கு டிக்கெட் வாங்கிட்டேன். போறதுக்கு முன்னாடி தலைக்குக் குளிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்றேன். இங்கிருந்து சத்தம் வருதே, டி.வி.யா?"

"குழு."

"எங்க?"

கையைக் காட்டினேன்.

அவள் கதவைத் திறந்து பார்த்தாள். தலைவர் வாஷிங் மெஷின்மேலிருந்து பேசிக்கொண்டிருந்தார்: "…ஆக, இந்தக் குழு இல்லாம இருந்திருந்தா இந்தப் பிரச்சினை எவ்வளவு சீக்கிரம் தீர்ந்திருக்கும்னு யாரும் நினைச்சுப் பார்க்க முடியாது. அந்தப் பெருமை நமக்கு உண்டு…"

நெவென்கா கதவை மூடவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். "மன்னிக்கணும்," என்று சொல்லி டாக்டரின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி ஷவரை முழுசாகத் திறந்தாள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அந்த இடத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழ முடியாது. மறுபடி உட்கார்ந்தார்கள். கோட்டு, மப்ளர், காபிக் கோப்பை, குறிப்பு எல்லாம் நனைந்தன. நெவென்கா ஷவரை மூடாமல் வெளியே வந்து, கூடத்தைக் கடந்து, பால்கனிக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். பிறகு திரும்பி வந்து வாசல் கதவையும் திறந்து, பெட்டியை அதற்கு முட்டுக்கொடுத்தாள்.

மலையிலிருந்து வந்த காற்று பால்கனி வழியாக நுழைந்து, திரைச்சீலையைக் கூரை வரை தூக்கி, வாசல் வழியாக மாடிப்படிக்குப் பாய்ந்தது. சமையலறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். நான் சுவரோரம் ஒண்டிக்கொண்டேன்.

"ஐயோ, இழுக்குது!" என்று கத்தினார் தலைவர். "ஈரத்தோட இருக்கோம்! டாக்டர்!"

"வாயை மூடிக்குங்க! பல்லைக் கடிச்சுக்குங்க! கழுத்தைத் திருப்பாதீங்க!" டாக்டர் மூச்சடக்கிக்கொண்டு முதல் ஆளாகப் பாய்ந்தார். டீச்சர் ஈரக் குறிப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் ஓடினார். லிப்டின் குழியில் காற்று மேலே ஏறும் என்று டாக்டர் எச்சரித்ததால் எட்டு மாடியையும் படியிலேயே இறங்கினார்கள். செருப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நெவென்கா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். முக்கால் மணி நேரம் தண்ணீர் ஓடியது. நான் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் அதன் வெளிப்பையில் செருகியிருந்தது, நுனி தெரிந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

தலையில் துண்டோடு வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"காது வலிக்குது," என்றாள். "பெட்டியை உள்ள வை. அது உள்ள வந்தா கதவு சாத்திக்கும், வேற ஏதாவது முட்டுக்கொடு."

மூன்றாவது அறிக்கை திங்களன்று பலகைக்கு வந்தது. அதன் ஒரு பிரதியை என் வீட்டுக் கதவிலும் ஒட்டியிருந்தார்கள். எட்டாம் மாடி வீட்டில் உயிருக்கு ஆபத்தான குறுக்குக்காற்று நிலவுவதால், மன்றத்தின் நிர்வாகிகள், குழு உறுப்பினர்கள் எவரும் எக்காரணம் கொண்டும் அங்கே நுழையக் கூடாது. நீரழுத்தப் பிரச்சினை குழுவின் அயராத முயற்சியால் தீர்க்கப்பட்டது. நெவென்கா அதைக் கண்ணாடிக் கடையில் கொடுத்துச் சட்டம் போட்டு, அதே இடத்தில் ஆணியடித்து மாட்டினாள்.

குழு இப்போது கூடுவதில்லை. கூட இடமில்லை. ஐந்தாம் மாடியிலும் ஆறாம் மாடியிலும் வாளிகளில் செடி வைத்திருக்கிறார்கள். பூனைக்குட்டிகள் கண் திறந்துவிட்டன. பஸ்ஸில் ஒரு கிழவி என் பக்கத்தில் உட்கார்ந்து தர்பூசணி விலையைப் பற்றிப் பேசினாள்.

அறிவிப்பு உண்மையாகவே இருக்க வேண்டும் என்பதில் நெவென்கா கண்டிப்பானவள். பால்கனிக் கதவும் வாசல் கதவும் காலையிலிருந்து இரவு வரை திறந்தே கிடக்கின்றன. ஈரத் தலையோடு அதன் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து முடி காய வைக்கிறாள். எனக்கு மூன்றாம் நாளே கழுத்து பிடித்துக்கொண்டது. இடது பக்கம் திரும்ப முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழு அமைத்துவிடுவார்கள்.